முட்டை நிலா

“நிலாவைத் திருடினாங்கன்னு நம்ம ஆபீஸுக்குக் கேஸ் வர்றது இதுதான் முதல் தடவை அண்ணி. அதுவும் வட்டமா இருந்த நிலாவைத் திருடி, முட்டையா நசுக்கி வெச்சிருக்காங்களாம். பேப்பர்ல போட்டிருக்கான்.”

செய்தித்தாளை மேசையில் போட்ட பிறகுதான், திருடியதாகச் சொல்லப்படுகிறவர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பது வாலுவுக்கு உறைத்தது. தண்ணீர் கொண்டுவரப் போகிறவன்போல எழுந்தான். தண்ணீர் ஏற்கெனவே மேசைமேல் இருந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி உட்கார்ந்தான்.

வாலுவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அரசாங்கத்தைத் தவிர யாரும் உபயோகிப்பதில்லை. முன்மண்டையில் முடி கொட்டத் தொடங்கிவிட்ட வயதிலும் சின்ன வயதில் ஒட்டிய பட்டப்பெயர் மட்டும் கொட்டவில்லை. வாயாலேயே மூன்று வேலைகளைத் தொலைத்தவனை, அண்ணன் மனைவிதான் தன் துப்பறியும் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். சலவைக்கடைக்கு மேலே ஒரே அறை. கீழே இஸ்திரி போட்டால் மேலே வியர்க்கும். அண்ணி அவனுக்குக் கொடுப்பது முழுக்க முழுக்க வாய்க்கான சம்பளம் என்று அண்ணன் சொல்வதுண்டு. அது பொய்யில்லை. அவன் உளறுகிற பத்தில் ஒன்று எங்காவது போய் முட்டும். முட்டிய இடத்தில் அண்ணி தோண்டுவார்.

“இவன் பேசறதைப் பெருசா எடுத்துக்காதீங்க” என்றார் அண்ணி. “நீங்க சொல்லுங்க.”

வந்திருந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். கடைகளுக்குக் கையால் பெயர்ப்பலகை எழுதுவது தொழில். நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் நிரந்தரமாகக் குடியிருந்தது. வாலு மனதுக்குள் அவருக்குப் போர்டு அக்கா என்று பெயர் வைத்துவிட்டான்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? நிலாப் பூனை விளையாடியிருப்பீங்க. விளையாடாத வீடே கிடையாது.”

விளையாடாமல் என்ன? டிவியில் செருகும் பெட்டி. கூரைக்குக் கூரை தாவிப் போய் நிலாவைப் பிடிக்கப் பார்க்கும் ஒரு பூனை. அந்த நிலாவுக்காக வாலு பரீட்சையில் கோட்டை விட்டிருக்கிறான். இன்றைக்கும் அந்த நிலா கோப்பையில் இருக்கிறது, சட்டையில் இருக்கிறது, குழந்தைகளின் பையில் இருக்கிறது.

“அந்த நிலாவை வரைஞ்சது நான். அப்ப அந்த விளையாட்டைச் செஞ்ச கம்பெனில வேலை பாத்தேன். முதலாளி என்ன சொல்றார்னா, எல்லாமே தான் வரைஞ்சதாம். இப்போ அதுக்குன்னு ஒரு காட்சிக்கூடம் கட்டி, அவர் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்க. இன்னைக்கு மத்தியானம் திறப்பு விழா. போன வாரம் என் தாளைப் பத்திரிகைக்காரங்ககிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அவங்க ரெண்டையும் போட்டோ எடுத்து, விளையாட்டுப் படத்துக்குப் பக்கத்துல போட்டுட்டாங்க. விளையாட்டுல நிலா வட்டம். முதலாளி தாள்ல வட்டம். என் தாள்ல முட்டை. அவ்வளவுதான், நான் திருடி. ரோட்ல போனா முட்டைக்காரின்னு கூப்பிடறாங்க.”

“இப்போ என்ன கேக்கறாங்க?”

“விழாவுக்கு வந்து, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடணும். நான் சொன்னதெல்லாம் பொய்னு. இல்லன்னா கேஸ் போடுவாங்களாம். என் பொண்ணே சொல்றா, போட்டுட்டு வந்துடும்மா, மானம் போகுதுன்னு.” குரல் ஒரு கணம் உடைந்து, உடனே நிமிர்ந்தது. “கையை வெட்டிப் போட்டாலும் போட மாட்டேன். நான் வரைஞ்சதை நான் வரையலன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் இந்தக் கையால எந்தக் கடைக்குப் போய்ப் பேர் எழுதுவேன்?”

வாலுவுக்கு அவரைப் பிடித்துப்போனது. வழக்கில் தோற்றாலும் இவருக்காக ஒருமுறை யாரையாவது அடித்துவிடலாம் என்று தோன்றியது.

அண்ணி தாளை விரித்தார். கட்டம் போட்ட தாளில் கீழ்ப்பாதி மட்டும். மேல் ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது. அந்த ஓரத்தில் ஏதோ ஒரு பென்சில் கிறுக்கலின் அரைவாசி. நடுவில் நிலா. அதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் நிற்க வைத்த முட்டைதான்.

“எலி கடிச்சுதாக்கா?” என்று கிழிசலைக் காட்டினான் வாலு.

“கையால கிழிச்சேன். ஸ்கேல் தேடிக்கிட்டு இருந்தா கீழே இருந்து கத்துவாங்க.”

“சரி. வட்டமா வரைய வேண்டிய நிலாவை ஏன் முட்டையா வரைஞ்சீங்க?” என்றார் அண்ணி.

“எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. எனக்கே தெரியாது!” போர்டு அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் மாடியில உட்கார்ந்து வரைவேன். படத்தைப் பெட்டிக்குள்ள ஏத்தற மெஷின் கீழே. அந்த ரூமுக்குள்ள என்னை விடவே மாட்டாங்க. தாளை ஆள் வந்து வாங்கிட்டுப் போவார். முதல்ல வட்டமாத்தான் அனுப்பினேன். தாள் திரும்பி வரல, வார்த்தைதான் வந்துச்சு. குண்டா இருக்கு, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கட்டம் குறைன்னு. வட்டம் எப்படிய்யா குண்டா இருக்கும்னு கேட்டேன். பதில் இல்ல. எரிச்சல்ல குறைச்சு அனுப்பினேன். அது சரியாப் போச்சு. மெஷின்ல ஏத்திட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்தாங்க.”

“டிவியில பாத்தீங்களா?”

“விற்பனைக்கு வந்தப்புறம் ஒரு கடை வாசல்ல பாத்தேன். வட்டமாத்தான் இருந்துச்சு. கடைசி நேரத்துல யாரோ உள்ளே திருத்தியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அண்ணி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் மௌனம் விழுந்தால் அதை நிரப்புவது தன் கடமை என்று வாலு எப்போதும் நம்புகிறவன்.

“ஒழுங்கா இருக்கறவங்களைக் குண்டுன்னு சொல்றது நம்ம வீட்லயும் நடந்திருக்கே. புது டிவி வாங்கின அன்னைக்கு உங்க கல்யாண வீடியோவைப் போட்டோம், ஞாபகம் இருக்கா அண்ணி? மாலை அகலம், மண்டபம் அகலம், அண்ணன் பூசணிக்காய் மாதிரி. நீங்க...” வாலு நிறுத்தினான்.

“நான்?”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லுடா.”

“நீங்களும் கொஞ்சம் தாராளமாத்தான் இருந்தீங்க.”

“பழைய டிவியில பாத்தப்போ?”

“குச்சி மாதிரி இருந்தீங்க. சத்தியமா.”

“வீடியோ ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்போ படம் மாறல. டிவிதான் மாறியிருக்கு.” அண்ணி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினார். “அக்கா, கிளம்புங்க. கையெழுத்துப் போடப் போவோம்.”

போர்டு அக்காவின் முகம் கறுத்தது.

“போடப் போறோம்னு சொன்னாத்தான் உள்ளே விடுவாங்க” என்றார் அண்ணி.

*

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் மெலிந்த மனிதர். தனக்கு மேலே இருக்கிற எல்லோருக்கும் பயந்து பயந்து உள்ளங்கை எப்போதும் ஈரமாகவே இருக்கும் போலிருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்க ஆள் வந்துவிட்டது என்றதும் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பெரிய மனசும்மா உங்களுக்கு. பிரச்சனை இல்லாம முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது.”

“அதுக்கு முன்னாடி இவங்க அந்த விளையாட்டை ஒரு தடவை பாக்கணும்னு ஆசைப்படறாங்க” என்றார் அண்ணி. “கூட்டத்துல இல்ல. தனியா.”

இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்துக்கு இந்தச் சின்ன ஆசை பெரிதில்லை என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கூடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஒயர்களுக்கு நடுவே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் இன்சுலேஷன் டேப் சுருள். திரைகளையெல்லாம் ஓட்டுகிறவள் அவள்தான். பொறுப்பாளர் விருந்தினரை வரவேற்கப் போய்விட்டார்.

“வெளியில வெச்சிருக்கற பழைய விளையாட்டுப் பெட்டி ஓடுதாம்மா?” என்று கேட்டார் அண்ணி.

“அது பொம்மைங்க. உள்ளே செத்துப்போச்சு. படம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துதான் போகுது. இதுல எமுலேட்டர்னு ஒரு புரோகிராம் இருக்கு. அந்தப் பெட்டி என்னவெல்லாம் செய்யுமோ அதை அப்படியே நடிச்சுக் காட்டும்.”

“நடிப்பு எப்படி, தேறுமா?” என்றான் வாலு.

“நடிக்க வெக்கறதுக்குள்ள என் உயிர் போச்சுண்ணா.” தன் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டுவிட்டார் என்ற பூரிப்பு அவளுக்கு. “படம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் இருக்கணும்னு கண்டுபிடிக்கறதுதான் பெரிய தலைவலி. மொதல்ல திறந்தப்போ எல்லாமே ஒடுங்கிப்போய் வந்துச்சு. பூனை பட்டினி கெடந்த மாதிரி. நிலா முட்டை மாதிரி. நான்தான் உட்கார்ந்து சரி பண்ணேன்.”

போர்டு அக்கா ஓரடி முன்னால் வந்தார்.

“நிலா எப்படி வந்துச்சுன்னு சொன்னே?”

“முட்டை மாதிரிம்மா.”

“இதை யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார் அண்ணி.

“எதுக்குங்க? அதான் சரி பண்ணிட்டேனே!”

வாலு தலையில் கை வைத்துக்கொண்டான். ஊரே தேடிய சாட்சியை இந்தப் பெண் பிழை என்று நினைத்து, பொறுப்பாக, கூடுதல் நேரம் உட்கார்ந்து திருத்தி வைத்திருக்கிறாள். வேலையில் அக்கறை இல்லாதவளாக இருந்திருந்தால் வழக்கு அன்றைக்கே முடிந்திருக்கும்.

“திருத்தறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சோ அப்படியே காட்டு” என்றார் அண்ணி.

அவள் எதையோ தட்டினாள். திரையில் இருந்த படம் இருபுறமும் சுருங்கியது. பூனை ஒல்லியானது. கூரைகள் நெருங்கின. வானத்தில் நின்றுகொண்டிருந்தது ஒரு முட்டை.

“இது ஏன் இப்படி?”

“பெட்டி போடற படம் மொத்தமும் புள்ளிங்கதாங்க. குறுக்கே இருநூத்தி ஐம்பத்தாறு, மேலேருந்து கீழே இருநூத்தி இருபத்து நாலு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளியையும் சதுரமாப் போடுது. பழைய டிவி அப்படியில்ல. அதோட முகம் அகலம். வந்த படத்தைத் தன் முகம் முழுக்க இழுத்துப் போட்டுக்கும். அதனால ஒவ்வொரு புள்ளியும் பக்கவாட்டுல கொஞ்சம் பருத்துடும்.”

“அப்போ எதுதான் சரியான அளவு?”

அவள் யோசித்தாள். “ரெண்டும் சரிதாங்க. பாக்கறவங்களுக்கு டிவி அளவு சரி. பெட்டிக்குள்ள படத்தை ஏத்தறவங்களுக்குப் பெட்டி அளவு சரி.”

“கட்டம் போட்ட தாள்ல வரையறவங்களுக்கு?”

“அவங்க பெட்டி அளவுலதான் வரைஞ்சாகணும். ஒரு கட்டம், ஒரு புள்ளி. டிவியில வட்டமா வரணும்னா தாள்ல ஒல்லியா வரையணும். தாள்லயே வட்டமா வரைஞ்சா டிவியில...”

“குண்டா இருக்கும்” என்றார் போர்டு அக்கா.

வாலு திரைக்கு முன்னால் மண்டியிட்டு நிலாவின் புள்ளிகளை எண்ணினான். குறுக்கே இருபத்து நாலு, நெடுக்கே இருபத்தெட்டு. தாளை எண்ணினான். இருபத்து நாலு, இருபத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு இப்படி ஒரே ஒருநாள் ஒத்துவந்திருந்தால் அவன் வாழ்க்கையே வேறாகியிருக்கும்.

போர்டு அக்கா அழுதார். துக்கமா, சந்தோஷமா என்று வாலு பார்த்தான். இரண்டும் இல்லை. சுத்தமான ஆத்திரம்.

“என் கைதான் சரியில்லையோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு வட்டம் வட்டமா போட்டுப் பாத்தேன். என் பொண்ணு முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். விட மாட்டேன் இந்த ஆளை.”

அண்ணி அவர் தோளில் கை வைத்தார். ஆனால் கண் திரையில் இருந்தது. படத்தின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், கூடத்துத் திரைகளில் இல்லாத சில வரிகள் தெரிந்தன. உடைந்த கோடுகள், ஒரு பூனைக் காது, அர்த்தமில்லாத நிறங்கள்.

“இது என்ன குப்பை?”

“பழைய டிவியில இதெல்லாம் தெரியாதுங்க. சுத்தி இருக்கற சட்டம் ஓரத்தை மறைச்சிடும். அது தெரிஞ்சுதான் மிச்சம் மீதியை எல்லாம் ஓரத்துல தள்ளி வெச்சிருக்காங்க. நான் அதையும் வெட்டிட்டேன்.”

“சட்டம் மறைச்சிடும்” என்று அண்ணி மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணிடம் குனிந்து ஏதோ பேசினார். அவள் முதலில் முடியாது என்பதுபோலத் தலையாட்டினாள். அப்புறம் போர்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். விழா மலரில் அச்சாகியிருந்த முதலாளியின் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, கட்டங்களை எண்ணத் தொடங்கினாள்.

*

கூடம் நிறைந்திருந்தது. நடுச் சுவரில், அகலமான கறுப்பு அட்டை சுற்றிய கண்ணாடிச் சட்டத்துக்குள் முதலாளியின் தாள். கச்சிதமான வட்ட நிலா. கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் முதலாளி, கையில் மைக். மைக்கைக் கண்டால் விடாத ஜாதி சில பேர் உண்டு. அவர் அதில் தலைவர்.

“வந்துட்டியா? நல்லது. நான் யார்மேலயும் கோபம் வெச்சுக்கறவன் இல்ல. இந்தா பேனா.”

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்று அண்ணி முன்னால் வந்தார். “இந்த நிலாவை எத்தனை தடவை திருத்தி வரைஞ்சீங்க?”

“திருத்தறதா?” முதலாளி சிரித்தார். “பென்சிலை எடுத்தேன், நிலா வந்துச்சு. ஒரு கட்டம் கூட மாத்தல.”

“இந்தத் தாள்ல இருக்கறதுதான் பெட்டிக்குள்ள போச்சா?”

“அப்படியே போச்சு.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல சார்” என்றான் வாலு. “மைக்ல ஒரு தடவை.”

முதலாளி மைக்கில் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். கைதட்டல் எழுந்தது. வாலுவும் நன்றாகக் கை தட்டினான்.

பெரிய திரை ஒரு கணம் அணைந்து எரிந்தது. நிலாப் பூனை. அதே கூரைகள், அதே பூனை. வானத்தில் மட்டும் வேறு ஏதோ. இருபுறமும் பிதுங்கிக்கொண்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாததுபோல ஒரு பூசணிக்காய்.

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் கூடமே சிரித்தது.

“என்னய்யா இது?” என்று முதலாளி அதட்டினார்.

“உங்க நிலாதான் சார். உங்க தாள்ல இருக்கற மாதிரியே, கட்டத்துக்குக் கட்டம். அப்படியே போச்சுன்னு இப்பத்தானே சொன்னீங்க? போனா இப்படித்தான் வரும். பழைய டிவி படத்தை அகலமா இழுக்கும்.” அண்ணி பின்னறைப் பக்கம் கையசைத்தார். “இப்போ இந்த அக்காவோட தாள். எல்லாரும் முட்டைன்னு சிரிச்சீங்களே, அது.”

பூசணிக்காய் மறைந்தது. வட்டமாக, பளிச்சென்று, எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த அந்த நிலா வந்தது.

வாலு வெற்றிப் புன்னகையை முகத்தில் தயார் செய்துகொண்டிருந்தான். அதற்குள் முதலாளி தொண்டையைக் கனைத்தார். ஆள் விழுந்தாலும் மைக் விழவில்லை.

“ரொம்பக் கெட்டிக்காரத்தனம். ஒரு விஷயத்தை மறந்துட்டீங்க. என் தாளைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்கியிருக்கேன். காகிதம் அந்தக் காலத்துது. பென்சில் கோடு அந்தக் காலத்துது. இவங்க தாளுக்கு என்ன சான்று? எங்கேயாவது பழைய தாள் வாங்கி, கம்ப்யூட்டர்ல புள்ளியை எண்ணி, நேத்து வரைஞ்சிருக்கலாமே! நீங்க பின்னாடி ரூம்ல பண்ணின இதே வேலையை இவங்க வீட்லயே பண்ணியிருக்கலாமே!”

அந்த ஆள் சொல்வதில் வாலுவுக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. புள்ளி எண்ணத் தெரிந்தால் முட்டையை யாரும் வரையலாம். கூட்டம் முதலாளி பக்கம் சாய்வது முகங்களிலேயே தெரிந்தது. பொறுப்பாளர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, பேனாவைப் போர்டு அக்கா பக்கம் நகர்த்தினார்.

“அவர் சொல்றது உண்மை” என்றார் அண்ணி.

“அண்ணி!”

“அந்தத் தாள் பழசுதான். போலி இல்ல. அசல்.”

போர்டு அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் வாலு ஒரு அடி பின்னால் போனான். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றார்.

“யாரோட அசல்ங்கறதுதான் கேள்வி. அக்கா, முதல்ல நீங்க அனுப்பின நிலா எப்படி இருந்துச்சு?”

“வட்டமா.”

“அந்தத் தாள் திரும்பி வந்துச்சா?”

போர்டு அக்கா பதில் சொல்ல வாய் திறந்தவர், மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்த்திருந்த தாளை அவர் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. வாசற்காவலர் இத்தனை நாள் அவரை உள்ளேயே விட்டதில்லை.

“சட்டத்தைக் கழட்டுங்க” என்றார் அண்ணி.

“கழட்டக் கூடாது!” முதலாளியின் குரல் மைக்கில் கிறீச்சிட்டது. “கையை வெச்சா நடக்கறதே வேற!”

எல்லோரும் பொறுப்பாளரைப் பார்த்தார்கள். அவர் முதலாளியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

“தாள் அவரோடது சார். சட்டம் யாரோடது?” என்று மிகுந்த பணிவோடு கேட்டான் வாலு.

“சட்டம்... கூடத்தோடது” என்றார் பொறுப்பாளர்.

“கூடத்துக்கு யார் பொறுப்பு?”

அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை போலும். அவர் எட்டி, சட்டத்தை ஆணியிலிருந்து எடுத்து, மேசைமேல் கவிழ்த்து, பின்பக்கத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். கறுப்பு அட்டை தனியாக வந்தது.

அட்டை மறைத்திருந்த கீழ் ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்திருந்தது. ஓரத்தில் பென்சில் கிறுக்கல் ஒன்று பாதியில் நின்றது.

அண்ணி கீழ்ப்பாதியை அதனடியில் வைத்து மெல்லத் தள்ளினார். ஒவ்வொரு பல்லும் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கட்டத்தின் நீலக் கோடுகள் கிழிசலைத் தாண்டி நேராக ஓடின. பாதிக் கிறுக்கலும் பாதிக் கிறுக்கலும் சேர்ந்து ஒரு சுழியாயிற்று.

“பென்சில் கூரா இருக்கான்னு கிறுக்கிப் பாத்தேன்” என்றார் போர்டு அக்கா. “எப்பவும் பாப்பேன். மேல வட்டமா ஒண்ணு வரைஞ்சு கிழிச்சு அனுப்பினேன். மிச்சம் இருந்த பாதியில இதை வரைஞ்சேன். அந்த மேல்பாதியைக் குப்பையில போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

“போடல. இவர் எடுத்து வெச்சிருந்தார்” என்றார் அண்ணி. “அழகா வட்டமா இருக்கேன்னு அதுல கையெழுத்துப் போட்டு மாட்டிட்டார். அது வேண்டாம்னு தள்ளின தாள்னு இவருக்குத் தெரியல. வரைஞ்சவங்களா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

முதலாளி மைக்கை அணைத்தார். அன்றைக்கு அவர் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. போர்டு அக்காவிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார்.

“இங்க பாரும்மா. பழைய கதை. எனக்கும் சரியா ஞாபகமில்ல. பலகையில என் பேருக்குக் கீழே, ‘உதவி’ன்னு உன் பேரையும் போட்டுடச் சொல்றேன். சந்தோஷமா?”

“உதவி பண்ணது நீங்க” என்றார் போர்டு அக்கா, கூடம் முழுக்கக் கேட்கிற குரலில். “பென்சில் வாங்கிக் குடுத்தீங்க. அதுக்கு நன்றி. வரைஞ்சது நான்.”

“என் பேர் இல்லாம இந்தக் கூடம் திறக்காது! பணம் போட்டவன் நான்! நாளைக்கே எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிடுவேன்!”

“தாராளமா. பூசணிக்காயையும் எடுத்துக்கிட்டுப் போங்க.”

சட்டம் மாட்டியிருந்த சுவரில் இப்போது ஓர் ஆணி மட்டும் இருந்தது. புதுச் சுண்ணாம்பின் வெள்ளை. போர்டு அக்கா அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்தார். பெயர் எழுதுகிறவர்கள் காலிச் சுவரைப் பார்க்கிற பார்வை அது. தோள்பையிலிருந்து ஒரு பிரஷ்ஷையும் நீலப் பெயிண்ட் டப்பாவையும் எடுத்தார். மூடியை ஆணியில் வைத்து நெம்பினார்.

“யாரைக் கேட்டு? ஏய்! யாரைக் கேட்டு எழுதறே?”

அவர் யாரையும் கேட்கவில்லை. முதலில் ‘வரைந்தது’ என்று எழுதினார். அளவுகோல் இல்லை, கோடு இல்லை. எழுத்துகள் ராணுவம்போல நேராக நின்றன. அதற்கு மேலே தன் பெயரை எழுத இடம் விட்டிருந்தார். அது உயரம். குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்தார். பிரஷ்ஷின் நுனிதான் பட்டது.

“என்னய்யா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறே?” முதலாளி பொறுப்பாளரைப் பிடித்துத் தள்ளினார். “உன் சுவர்தானே? போய்த் தடு!”

பொறுப்பாளர் போனார். வாலு குறுக்கே நிற்கத் தயாரானான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பொறுப்பாளர் போர்டு அக்காவுக்குப் பின்னால் போய் நின்றார். கைக்குட்டையால் ஒரு தடவை உள்ளங்கையைத் துடைத்தார்.

“அம்மா” என்றார். “ஏணி வேணுமா?”

போர்டு அக்கா திரும்பவில்லை.

“கொண்டாங்க. இன்னும் பெருசா எழுதணும்.”